ஓட்டுநர் தேர்வு நாளில் ஏற்படும் பதற்றம்: உடலில் நிகழ்வது என்ன? தவறுகளைத் தவிர்ப்பது எப்படி?

நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி, சேலம் வட்டாரங்களில் ஓட்டுநர் உரிமம் பல குடும்பங்களின் வாழ்வாதாரம். சரக்கு லாரி, எரிவாயு டேங்கர், முட்டை ஏற்றிச் செல்லும் வண்டி, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி ஆகியவற்றில் கிளீனராகச் சேர்ந்து, பல ஆண்டுகள் உழைத்து, ஓட்டுநர் இருக்கைக்கு வருபவர்கள் இங்கு ஏராளம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்ல நாற்பது வயதில் இருசக்கர வாகனம் பழகும் தாய்மார்களும் உள்ளனர். இவர்கள் அனைவரும் மோட்டார் வாகன ஆய்வாளர் முன்னிலையில் சில நிமிடங்கள் வாகனத்தை இயக்கிக் காட்ட வேண்டும். நாள்தோறும் தடையின்றி ஓட்டுபவரும் அந்தச் சில நிமிடங்களில் தடுமாறுவதுண்டு. அதன் காரணத்தையும், மருத்துவ நோக்கில் செய்யக்கூடியவற்றையும் இப்பக்கம் விளக்குகிறது.

பதற்றத்தின்போது உடலில் நிகழ்வது

ஆபத்து நெருங்குவதாக மூளை கருதும்போது, சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலின் என்னும் இயக்குநீரை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது, வாய் உலர்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, தசைகளில் மெல்லிய நடுக்கம் தோன்றுகிறது. இது நோயன்று. பாம்பைக் கண்டவரைக் காப்பாற்றும் அதே ஏற்பாடு, தேர்வுத் திடலிலும் செயற்படுகிறது.

ஓரளவு பதற்றம் நன்மையே செய்யும். யெர்க்ஸ், டாட்சன் என்னும் அமெரிக்க உளவியலாளர்கள் இருவர் 1908-ஆம் ஆண்டு எலிகளைக் கொண்டு நடத்திய ஆய்வில், கடினமான செயலைக் கற்பதற்கு மிதமான தூண்டலே ஏற்றது என்றும், தூண்டல் மிகுந்தால் கற்றல் குறைகிறது என்றும் கண்டனர். ஆகவே பதற்றத்தை முற்றிலும் ஒழிக்க முயல வேண்டியதில்லை. அதனை அளவுக்குள் வைத்திருந்தால் போதும்.

அளவு மீறினால் முதலில் பாதிக்கப்படுவது கவனம். பார்வை ஒரே இடத்தில் குவிந்துவிடுகிறது. தேர்வு எழுதுபவருக்கு ஸ்டீயரிங்கும் அருகில் அமர்ந்திருக்கும் ஆய்வாளரும் மட்டுமே தென்படுகின்றனர். பக்கவாட்டுக் கண்ணாடி மனத்திலிருந்து மறைந்துவிடுகிறது. தேர்வு நாளில் நேரும் தவறுகளுள் பெரும்பாலானவை ஓட்டத் தெரியாமையால் நேர்பவை அல்ல, செய்ய வேண்டியதை விட்டுவிடுவதால் நேர்பவை. இருக்கைப் பட்டை அணியாமல் புறப்படுதல், கைப்பிரேக்கை விடுவிக்காமல் நகர்த்துதல், சைகை காட்டாமல் திரும்புதல் ஆகியவை இவ்வகையின.

கிளட்ச்சின் மேல் நடுங்கும் கால்

"இடது கால் ஆடுகிறது, நிறுத்த முடியவில்லை" என்பது என்னிடம் அடிக்கடி கூறப்படும் குறை. நரம்புத் தளர்ச்சி என அஞ்சி ஊட்டச்சத்து மாத்திரை கேட்பவர்களும் உண்டு. கிளட்ச்சைப் பாதி அளவு மட்டும் விடுவித்து வைத்திருக்கும்போது, தொடை, கெண்டைக்கால் தசைகள் முழுமையாகச் சுருங்காமலும் தளராமலும் இடைநிலையில் நிற்க நேர்கிறது. எந்தத் தசையும் இந்நிலையில் சற்று நடுங்கும். அட்ரினலின் அந்நடுக்கத்தைப் பெரிதாக்குகிறது. காரில் குதிகாலைத் தரையில் ஊன்றி, முன்பாதத்தால் மிதியை இயக்குமாறு இருக்கையை முன்னோ பின்னோ நகர்த்தி அமைத்துக்கொண்டால் நடுக்கம் பெரிதும் குறையும். பயிற்சிப் பள்ளியின் வாகனத்தில் உங்களுக்கு முன் ஓட்டியவர் அமைத்த இருக்கையிலேயே அமர்ந்து புறப்படாதீர்கள். இருக்கையையும் கண்ணாடியையும் சரிசெய்ய எடுத்துக்கொள்ளும் அரை நிமிடம் உங்களுக்கு உரிமையானது. பின்னோக்குக் கண்ணாடியைச் சரிசெய்தல், 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஓட்டுநர் தேர்வுக்கென வகுக்கப்பட்ட திறன்களின் பட்டியலில் முதலாவதாக இடம்பெற்றுள்ளது.

அப்பட்டியலை ஒருமுறையேனும் படித்துப் பார்ப்பது நல்லது. சமவெளியில் பழகியவர்கள் கவனிக்கத் தவறும் இரு திறன்கள் அதில் உள்ளன. ஒன்று, ஏற்றத்தில் நிறுத்திய வாகனம் பின்னோக்கி உருளாமல் மீண்டும் புறப்படுதல். நாமக்கல், சேலம் நகரங்களின் சமதளச் சாலைகளில் மட்டும் பழகியவருக்கு இது தேர்வு நாளில் புதிதாக இருக்கும். புதியது எதுவும் பதற்றத்தைக் கூட்டும். மேம்பாலச் சரிவில் நிறுத்திப் பழகுதல் ஆபத்தானது. போக்குவரத்து இல்லாத ஏற்றம் ஒன்றில், பயிற்றுநர் உடனிருக்க, கைப்பிரேக்கைப் பயன்படுத்திப் பழகுங்கள்.

மற்றொன்று, இறக்கத்தில் விரைந்து கீழ்க் கியருக்கு மாற்றுதல். சேலத்திலிருந்து தருமபுரி செல்லும் நெடுஞ்சாலையின் தொப்பூர் கணவாயை அறிந்தவர்களுக்கு இதன் தேவையை விளக்க வேண்டியதில்லை. டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறக்கும் வழக்கம் கனரக வாகனம் பழகுபவர்களிடையே உள்ளது. அவ்வாறு இறக்கினால் முழுச் சுமையும் பிரேக்கின் மேல் விழுகிறது. பிரேக் சூடேறி, பிடிக்கும் திறனை இழக்கிறது.

பழகியவரின் தவறும் புதியவரின் தவறும்

புதியவர் தடுமாறுவது இயல்பு. பல ஆண்டுகள் கிளீனராக இருந்து, பட்டறையிலும் சரக்குக் கிடங்கிலும் வண்டியை நகர்த்திப் பழகியவர் தடுமாறுவதற்குக் காரணம் வேறு. ஒற்றைக் கையால் ஸ்டீயரிங்கைத் திருப்புதல், முழுமையாக நிற்காமல் சந்திப்பைக் கடத்தல், கண்ணாடி பாராமல் தலையை வெளியே நீட்டிப் பின்னோக்கி எடுத்தல் போன்ற பழக்கங்கள் அவரிடம் ஊறியிருக்கும். பதற்றத்தில் மனிதர் புதிதாகக் கற்றதைக் கைவிட்டு, பழைய பழக்கத்துக்கே திரும்புவர். எனவே முந்தைய நாள் மட்டும் 'சரியாக' ஓட்டிப் பார்ப்பதால் பயனில்லை. தேர்வுக்கு மூன்று, நான்கு வாரங்களுக்கு முன்பிருந்தே விதிப்படி ஓட்டிப் பழக வேண்டும். பழகுநர் உரிமம் பெற்று 30 நாள்கள் கடந்த பின்னரே ஓட்டுநர் தேர்வில் பங்கேற்க இயலும். அந்த இடைவெளியை இதற்கெனப் பயன்படுத்தலாம்.

செய்வதை வாய்விட்டுச் சொல்லிப் பழகுவது எளிய, பயனுள்ள முறை. "பட்டை, கண்ணாடி, கியர், கைப்பிரேக், சைகை, பார்வை" என ஒவ்வொரு முறை புறப்படும்போதும் சொல்லுங்கள். தேர்வில் மனத்துக்குள் சொன்னால் போதும். சொற்கள் வரிசையாக வரும்போது, குவிந்துபோன கவனம் கட்டாயமாக அடுத்த இடத்துக்கு நகரும்.

இருசக்கர வாகனத்தில் எட்டு வடிவத்தில் ஓட்டும்போது கால் ஊன்ற நேர்வதற்குப் பெரும்பாலும் பார்வையே காரணம். அஞ்சுபவர் முன்சக்கரத்தைக் குனிந்து பார்க்கிறார். உடல் சமநிலையைக் காப்பதில் கண்ணுக்கும் உட்செவிக்கும் பெரும் பங்குண்டு. தலை குனிந்து, பார்வை அருகில் நிலைத்தால், வளைவை முன்கூட்டி உணர முடிவதில்லை. அடுத்துச் செல்ல வேண்டிய வளைவின் மீது பார்வையைச் செலுத்துங்கள். வேகத்தைச் சீராக வைத்து, தேவைப்படின் பின் பிரேக்கை மென்மையாகப் பயன்படுத்துங்கள். திடீரென முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி சாயும்.

இடையில் எஞ்சின் நின்றுவிட்டால்? பலர் அந்நொடியிலேயே தோற்றுவிட்டதாக எண்ணி, அடுத்தடுத்துத் தவறு செய்கின்றனர். பிரேக்கை மிதித்து வாகனம் உருளாமல் காத்து, கைப்பிரேக்கைப் போட்டு, நியூட்ரலுக்கு மாற்றி, மீண்டும் இயக்கி, கண்ணாடி பார்த்துப் புறப்படுங்கள். சாலையில் எஞ்சின் நின்றால் செய்ய வேண்டியதும் இதுவே.

மூச்சு

நான்கு எண்ணும் வரை மூக்கின் வழியே மூச்சை உள்ளிழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக வெளிவிடுங்கள். நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு மூச்சுகள் என ஐந்து நிமிடங்கள் செய்தால் போதும். மூச்சை வெளிவிடும்போது வேகஸ் நரம்பின் செயற்பாட்டால் இதயத்துடிப்பு சற்றுக் குறைகிறது. ஆகையால் வெளிவிடும் நேரம் நீண்டிருப்பது முக்கியம். 'நன்றாக மூச்சிழுத்துவிடு' என்று அருகிலிருப்போர் கூறும் அறிவுரை நல்லெண்ணத்தில் பிறந்ததாயினும், வேகவேகமாக ஆழ்ந்து மூச்சிழுத்தால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, விரல் நுனிகள் மரத்து, தலை சுற்றும். இம்முறையைத் தேர்வன்று முதன்முதலாக முயலாமல், முன்னதாகவே நாள்தோறும் பழகிக்கொள்ளுங்கள்.

தேர்வுத் திடலில் காத்திருக்கும்போது பிறர் தவறுவதை நின்று வேடிக்கை பார்க்க வேண்டாம். நிழலில் அமருங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் தலைக்கவசத்துடன் நெடுநேரம் நிற்பவருக்கு நீரிழப்பினாலேயே படபடப்பும் தலைச்சுற்றலும் வரும். தண்ணீரோ மோரோ கையில் இருக்கட்டும். காத்திருக்கும் நேரத்தில் அடுத்தடுத்துத் தேநீர், காபி அருந்துவது இதயத்துடிப்பைக் கூட்டும்.

வெறும் வயிறும் மாத்திரையும்

இப்பகுதியைச் சர்க்கரை நோயாளிகள் கட்டாயம் படிக்க வேண்டும். வியர்வை, நடுக்கம், படபடப்பு ஆகியவை இரத்தச் சர்க்கரை தாழ்வதன் அறிகுறிகளுமாகும். இன்சுலின் போட்டுக்கொள்பவரும், கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரை உட்கொள்பவரும், வழக்கமான மருந்தை எடுத்துக்கொண்டு, பதற்றத்தால் காலை உணவைத் தவிர்த்துவிட்டுத் தேர்வுக்கு வந்தால், தேர்வு பயம் என அவர் எண்ணுவது உண்மையில் சர்க்கரைத் தாழ்வாக இருக்கலாம். அந்நிலையில் வாகனத்தை இயக்கினால் குழப்பமும் மயக்கமும் நேரக்கூடும். உணவை உண்டே புறப்படுங்கள். சர்க்கரையோ குளுக்கோஸ் பொடியோ சட்டைப்பையில் வைத்திருங்கள். அறிகுறி தோன்றினால் உடனே உட்கொண்டு, உடல் முழுமையாகத் தெளியும் வரை வாகனத்தைத் தொடாதீர்கள். தேர்வை வேறொரு நாளில் எழுதிக்கொள்ளலாம்.

பதற்றம் தணிய நண்பர் தரும் மாத்திரையை உட்கொள்ளாதீர்கள். அல்பிரசோலம், டயசிபாம் ஆகியவை உறக்கத்தைத் தந்து, எதிர்வினையை மந்தமாக்கும். இவற்றை உட்கொண்டு வாகனம் ஓட்டுவது ஆபத்தானது. நடுக்கத்தைக் குறைக்கும் புரோப்ரனலால் ஆஸ்துமா உள்ளவருக்குக் கடும் மூச்சுத்திணறலை உண்டாக்கலாம்; சர்க்கரைத் தாழ்வின் எச்சரிக்கை அறிகுறிகளையும் மறைத்துவிடும். சளிக்கென மருந்துக் கடையில் எளிதில் வாங்கும் குளோர்பெனிரமின் மாத்திரையும் தூக்கத்தை வரவழைக்கும் என்பதைப் பலர் அறிந்திருப்பதில்லை. தைரியத்துக்கெனச் சிறிதளவு மது அருந்துவது குறித்து நான் எழுத வேண்டியதில்லை என்றே எண்ணியிருந்தேன். சான்றிதழ் பெற வந்தவர்களுள் சிலர் அதைக் கேட்டதால் குறிப்பிடுகிறேன். கூடாது.

மருத்துவச் சான்றிதழ் குறித்த அச்சம்

போக்குவரத்து வாகன உரிமம் கோருபவர்களும் 40 வயதைக் கடந்தவர்களும் படிவம் 1அ-வில் மருத்துவச் சான்றிதழ் பெற வேண்டும். மற்றவர்கள் படிவம் 1-இல் தம் உடல்நிலை குறித்துத் தாமே உறுதியளிக்கின்றனர். மருத்துவர் முன் அமர்ந்ததும் இரத்த அழுத்தம் கூடிவிடுமே என அஞ்ச வேண்டாம். அவ்வாறு கூடுவது மருத்துவர்கள் நன்கறிந்த ஒன்று. ஐந்து நிமிடம் அமரச் செய்து மீண்டும் அளந்து பார்ப்போம்.

கவலை தருவது, அச்சத்தால் உண்மையை மறைப்பதே. சில ஆண்டுகளுக்கு முன் கனரக வாகன உரிமத்துக்கென வந்த ஓர் இளைஞர், கண் பரிசோதனைப் பலகையின் எழுத்துகளைப் பார்க்காமலே ஒப்பித்தார். வரிசையில் தமக்கு முன் நின்றவர் படித்ததைக் கேட்டு மனப்பாடம் செய்திருந்தார். பலகையை மாற்றியதும் உண்மை வெளிப்பட்டது. அவருக்குத் தேவைப்பட்டது ஒரு கண்ணாடி மட்டுமே. கண்ணாடி அணிந்து, பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தொலைவிலுள்ள வாகனப் பதிவெண்ணைப் படிக்க முடிந்தால் போதுமானது. இலேசான, நடுத்தர அளவிலான நிறக்குறைபாடு உள்ளவர்களும் உரிமம் பெற 2020-ஆம் ஆண்டு விதிகள் திருத்தப்பட்டன. வலிப்பு, திடீர் மயக்கம், மாலைக்கண் ஆகியவற்றை மட்டும் எக்காரணம் கொண்டும் மறைக்காதீர்கள். வலிப்புக்கு மாத்திரை உட்கொள்பவர் அதனை நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்கு வருவது உயிருக்கே ஆபத்தானது.

வெறும் பதற்றம் என ஒதுக்கக் கூடாதவை

நெஞ்சு இறுக்கம், இடது தோள் அல்லது தாடைக்குப் பரவும் வலி, மூச்சுத்திணறல், குளிர்ந்த வியர்வை ஆகியவை தோன்றினால், குறிப்பாக 40 வயதைக் கடந்தவருக்கும் சர்க்கரை நோயாளிக்கும், தேர்வை நிறுத்திவிட்டு 108-ஐ அழையுங்கள். வாகனமே ஓட்டாத நாள்களிலும் காரணமின்றி நெஞ்சு படபடத்து உயிர் போவது போன்ற அச்சம் எழுதல், முன்னர் நேர்ந்த விபத்தின் காட்சி மீண்டும் மீண்டும் தோன்றி உறக்கம் கெடுதல், வாகனத்தின் அருகில் செல்லவே இயலாமை ஆகியவை சிகிச்சையால் குணமாகக்கூடிய மனநலப் பாதிப்புகள். சேலம், நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவை அணுகலாம். டெலி-மானஸ் உதவி எண் 14416-இல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.

தேர்ச்சி பெறாவிடில்

ஏழு நாள்கள் கழித்து மீண்டும் தேர்வில் பங்கேற்கச் சட்டம் இடமளிக்கிறது. மூன்று முறையும் தேர்ச்சி பெறாதவர், கடைசித் தேர்விலிருந்து 60 நாள்கள் காத்திருந்து, குறைகளைக் களையும் பயிற்சியை முடித்த பின் பங்கேற்க வேண்டும். எந்த இடத்தில் தவறு நேர்ந்தது என்பதை ஆய்வாளரிடம் பணிவுடன் கேட்டு, அன்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் நிகழ்ந்தவை மறுநாள் சரியாக நினைவில் நிற்பதில்லை. ஏழு நாள்களில் அந்த ஒரு செயலை மட்டும் நாள்தோறும் அரை மணி நேரம் பழகுங்கள். தேர்வுக்கு முந்தைய இரவு பயிற்சியைக் கைவிட்டு, ஏழு மணி நேரமாவது உறங்குங்கள். கைகால்கள் கற்றதை மூளை உறக்கத்தின்போதும் பதித்துக்கொள்கிறது.