ராவுத்தன்: ஒரு சொல்லும் செஞ்சியின் இரண்டு குதிரை வீரர்களும்

செஞ்சி வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் காவல் தெய்வமாக நிற்பவர் முத்தால ராவுத்தர். முஸ்லிம் குதிரை வீரர். அவருக்குப் படைக்கும்போது அவர் குதிரைக்கென்று கொள்ளு வேகவைத்து வைப்பவர்களும் உண்டு. பாரதக் கதைத் தெய்வத்தின் வாசலுக்கு ராவுத்தர் வந்த வழியை அந்தப் பெயரே காட்டிக்கொடுக்கும்.

வடமொழி 'ராஜபுத்ர' பிராகிருதத்தில் தேய்ந்து, மராத்தியில் ராவுத், தெலுங்கில் ரௌது, கன்னடத்தில் ராவுத என்றாகி, தமிழில் 'இராவுத்தன்' என்று வந்து இறங்கியது. அரசன் மகன் என்ற பொருள் வழியிலேயே உதிர்ந்துபோக, குதிரை ஏறிப் போர் செய்பவன் என்ற பொருள் தங்கிவிட்டது.

இந்தச் சொல் வருமுன் நம்மிடம் குதிரை வீரன் இல்லாமலா இருந்தான்? மா, பரி, புரவி, இவுளி என்று குதிரைக்கே எத்தனை பெயர்! புறநானூற்றின் 273ஆம் பாட்டில் எருமை வெளியனார் ஒரு வீட்டு வாசலைக் காட்டுகிறார். மற்றவர்களின் குதிரைகளெல்லாம் திரும்பிவிட்டன; ஒருவனுடைய குதிரை மட்டும் வரவில்லை. அதற்குமேல் அவன் மனைவி என்ன சொல்ல வேண்டும்? குதிரை வீரனின் சாவை இவ்வளவு குறைந்த சொற்களில் சொன்ன பாட்டை நான் வேறெங்கும் படித்ததில்லை.

சோழர் கல்வெட்டுகளில் 'குதிரைச் சேவகர்' வருகிறார்கள். 15ஆம் நூற்றாண்டில் திருவண்ணாமலை அருணகிரிநாதர், மயிலேறும் முருகனையே ராவுத்தன் என்று கூப்பிடுகிறார். சொல் அதற்குள் அவ்வளவு நெருக்கமாகிவிட்டது. குதிரைப் படையிலும் குதிரை வணிகத்திலும் பேர்பெற்ற தமிழ் முஸ்லிம்களுக்கு 'ராவுத்தர்' என்பது பட்டமாகி, பின்பு சமூகப் பெயராகவும் நிலைத்தது.

செஞ்சியில் இந்தச் சொல்லின் தொடக்கமும் முடிவும் ஒரே களத்தில் சந்தித்தன. தேஜ் சிங் என்ற புந்தேல ராஜபுத்திர இளைஞனை நம் மக்கள் வாய் 'தேசிங்கு' ஆக்கியது. அவன் தோழன் மகபத் கான், தேசிங்கைப் பற்றிய கதைப்பாட்டில் 'மோவுத்துக்காரன்' ஆனான். அந்நியப் பெயரை இப்படி நாக்குக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்வதைப் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வராது. வேண்டியவர்களின் பெயரைத்தான் அப்படித் தேய்க்கிறோம்.

தந்தை சொரூப் சிங் 1714இல் இறக்க, கோட்டை தேசிங்கு கைக்கு வந்தது. ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கான் கப்பப் பாக்கி கேட்டுப் படையோடு வந்தார். 1714 அக்டோபர் 3ஆம் நாள் நடந்த சண்டையில் தேசிங்கு விழுந்தான். வயது 22 என்பார்கள். நவாபின் படை பலமடங்கு பெரிது. மகபத் கான் தன் கல்யாணப் பந்தலிலிருந்தே எழுந்து வந்தான் என்கிறது கதைப்பாட்டு. தோழனும் போய், ஏறிய குதிரையும் போனபின் தேசிங்கு கத்தியை வானத்தில் வீசி, அது விழும் இடத்தில் மார்பைக் காட்டிக் கிடந்தான் என்றும் அது சொல்கிறது. வரலாற்றுக்கு அது ஒப்பாது. ஆனால் பகைவன் கையால் அவன் செத்தான் என்று சொல்ல ஊருக்கு மனமில்லை என்பது அதில் தெரிகிறது.

ராஜபுத்திரன் என்பதால் ஒருவன் ராவுத்தன். குதிரைமேல் வந்த முஸ்லிம் வீரன் என்பதால் மற்றவன் ராவுத்தன். ஒரே சொல் இருவருக்கும் பொருந்துகிறது.

செஞ்சிக்குப் போகிறவர்கள் கோட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கொஞ்சம் தள்ளி, கடலி நீலாம்பூண்டிப் பக்கமும் போய் வாருங்கள். மகபத் கானின் சமாதியும் குதிரையின் சமாதியும் அங்கேதான் இருக்கின்றன.