வளையத்தில் ஏறிய பலம் எங்கே இறங்குகிறது?

மூன்று வருடங்களுக்கு முன்பு யாராவது என்னிடம் "உனக்கு எவ்வளவு பலம்?" என்று கேட்டிருந்தால், யோசிக்காமல் "நூறு" என்று சொல்லியிருப்பேன். நூறு கிலோ பென்ச் பிரஸ். நாள் முழுக்க லேப்டாப் முன்னால் உட்கார்ந்து முதுகு வளைந்துபோன ஒருவனுக்கு அந்த எண் கிட்டத்தட்ட ஒரு சான்றிதழ். பிறகு வீடு மாறியதால் ஜிம்மும் மாறியது. புது ஜிம்மின் மூலையில், கூரையிலிருந்து பட்டைகளில் இரண்டு மரவளையங்கள் தொங்கிக்கொண்டிருந்தன.

"ஒண்ணும் பண்ண வேணாம் சார். மேல ஏறி, கையை நேரா வச்சு சும்மா நில்லுங்க" என்றார் மாஸ்டர்.

ஏறினேன். வளையங்கள் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் ஓடின. தோள் நடுங்கியது, முழங்கை நடுங்கியது, பிறகு முழு உடம்பும். எட்டு விநாடியில் கீழே இருந்தேன். நூறு கிலோ தூக்குகிறவனால் தன்னுடைய எழுபத்தாறு கிலோவைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை.

அங்கே ஒரு கல்லூரிப் பையன் வருவான். அறுபது கிலோ இருந்தால் அதிகம். இரண்டு வருடமாக வளையத்தில்தான் டிப்ஸ், புல்-அப் எல்லாம். ஒருநாள் விளையாட்டாக அவனை பென்ச் பிரஸ் பக்கம் இழுத்தோம். பார் பிடிக்கவே தெரியவில்லை. நாலைந்து முறை சொல்லிக்கொடுத்த பிறகு எண்பது கிலோவை மூன்று முறை தூக்கினான். என் பலம் வளையத்துக்குப் போகவில்லை. அவனுடைய பலம் மட்டும் பாருக்கு வந்தது. ஏன் இது ஒருவழிப் பாதையாக இருக்கிறது?

ஜிம் மொழியில் இதற்கு 'கேரி ஓவர்' என்று பெயர். ஒன்றில் பழகியது இன்னொன்றில் உதவுவது. இந்த எதிர்பார்ப்பைத் தேடிப் போனால், அது வளையத்தின் வரலாறாகவே இருக்கிறது.

*

1806இல் நெப்போலியனிடம் பிரஷ்யா நொறுங்கியது. அந்த அவமானத்தால் உந்தப்பட்ட ஃப்ரீட்ரிஷ் லுட்விக் யான் என்ற ஆசிரியர், 1811இல் பெர்லினுக்கு வெளியே ஹாசன்ஹைடே என்ற இடத்தில் திறந்தவெளி உடற்பயிற்சிக் களம் ஒன்றைத் தொடங்கினார். பார்கள், கயிறுகள், ஏணிகள். கம்பியில் தொங்கப் பழகிய பையன் நாளை போர்க்களத்தில் நிற்பான். அவன் நின்றால் நாடு நிற்கும். யானின் கணக்கு அதுதான். தசையில் ஏற்றிய பலம் தேசத்தில் போய் இறங்கும் என்ற கணக்கு.

அரசுக்கும் அதே நம்பிக்கை இருந்தது, பயமாக. 1819இல் இந்த இயக்கத்தோடு தொடர்புடைய கார்ல் சாண்ட் என்ற மாணவர், கோட்ஸெபு என்ற நாடகாசிரியரைக் குத்திக் கொன்றார். யான் கைதானார். 1820இலிருந்து 1842 வரை பிரஷ்யாவில் இந்த உடற்பயிற்சிக்கே தடை. கம்பியில் தொங்குகிறவன் கலகமும் செய்வான் என்று அரசாங்கமே நினைத்திருக்கிறது! கேரி ஓவரை இவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்ட ஆட்சி வேறு இருந்திருக்குமா தெரியவில்லை.

வளையத்தின் பெயரோடு வழக்கமாகச் சேர்த்துச் சொல்லப்படுபவர் அடால்ஃப் ஸ்பீஸ். 1830களில் சுவிட்சர்லாந்தின் புர்க்டார்ஃபில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். கலகக்காரர்களின் களத்திலிருந்த பயிற்சியை எடுத்து, வரிசையில் நின்று கட்டளைக்குச் செய்யும் பள்ளிப் பாடமாக மாற்றியவர். யான் எதிர்பார்த்தது வீரம். ஸ்பீஸ் எதிர்பார்த்தது ஒழுங்கு. கருவிகள் பெரிதாக மாறவில்லை. அவற்றிலிருந்து என்ன வந்து சேரும் என்ற எதிர்பார்ப்புதான் ஆளுக்கு ஆள் மாறியது.

1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வளையமும் ஒரு போட்டி. கிரேக்கரான இயோனிஸ் மித்ரோபுலோஸ் வென்றார். ஆனால் நம் கேள்விக்கு அந்த ஒலிம்பிக்கில் முக்கியமான ஆள் ஜெர்மன் ஜிம்னாஸ்ட் கார்ல் ஷூமான். குதிரை தாண்டுவதில் தங்கம் வாங்கியவர், அதே ஒலிம்பிக்கில் மல்யுத்தத்திலும் தங்கம் வாங்கினார். மல்யுத்தத்தில் அவரிடம் முதலில் தோற்றவர் பிரிட்டனின் லான்ஸ்டன் எலியட், ஒற்றைக்கை பளுதூக்கலில் அந்த ஒலிம்பிக்கின் சாம்பியன். யான் உயிரோடு இருந்திருந்தால் மீசையை முறுக்கியிருப்பார்.

*

ஐந்து வருடம் கழித்து அமெரிக்காவில் இரண்டு உளவியலாளர்கள் இந்த நம்பிக்கையின் வேரில் கைவைத்தார்கள். அவர்கள் தேடியது உடல் பலத்தை அல்ல, மூளையின் பலத்தை. லத்தீன் படித்தால் பொதுவாகவே புத்தி கூர்மையாகும் என்று பள்ளிகள் நம்பிய காலம் அது. 1901இல் எட்வர்ட் தார்ன்டைக்கும் ராபர்ட் வுட்வொர்த்தும், செவ்வகங்களின் பரப்பளவைப் பார்வையாலேயே மதிப்பிட ஆட்களைப் பழக்கினார்கள். அதில் நன்றாகத் தேறியவர்களிடம் வேறு வடிவங்களைக் காட்டியபோது தேர்ச்சி பெருமளவு காணாமல் போயிருந்தது. பழகியதற்கும் புதியதற்கும் பொதுவான கூறுகள் எவ்வளவோ, அவ்வளவுதான் கைமாறும் என்று முடிவுக்கு வந்தார்கள்.

நாலு வருடம் இன்ஜினியரிங் படித்த எனக்கு இது கொஞ்சம் வலித்தது. 'இன்ஜினியரிங் படிச்சா எதையும் சமாளிக்கலாம்' என்று சொல்லித்தானே வளர்த்தார்கள்.

இந்த அளவுகோலை வைத்து வளையத்தைப் பார்ப்போம். பென்ச் பிரஸ்ஸில் இரண்டு கைகளையும் ஒரே இரும்புக் கம்பி இணைத்திருக்கிறது. கை பக்கவாட்டில் ஓட முடியாது. முதுகைப் பலகை தாங்குகிறது. தள்ளுவது மட்டும்தான் வேலை. வளையத்தில் தள்ளவும் வேண்டும், ஒவ்வொரு கையும் எந்தத் திசைக்கும் ஓடிவிடாமல் பிடிக்கவும் வேண்டும், தோள்பட்டை எலும்பைக் கீழே அழுத்தியும் வைக்க வேண்டும். ஆக, பாருக்குத் தேவையான கூறுகளில் பெரும்பகுதி வளையத்துக்குள் இருக்கிறது. வளையத்துக்குத் தேவையானவற்றில் பாதிகூட பாருக்குள் இல்லை. ஒருவழிப் பாதைக்குக் காரணம் இதுதான். சாஃப்ட்வேர் ஆட்களுக்குச் சொல்வதானால், நான் சுத்தமான டெஸ்ட் சூழலில் மட்டும் ஓடிய கோடு. பையன் முதல் நாளிலிருந்தே புரொடக்‌ஷனில் ஓடியவன்.

இரண்டாவது விஷயம் நெம்புகோல். அயர்ன் கிராஸ் என்கிற நிலையில் உடல் செங்குத்தாக இருக்கும், கைகள் இரண்டும் சிலுவைபோலப் பக்கவாட்டில் நேராக நீண்டிருக்கும். அறுபது கிலோ ஆள் என்றால் ஒவ்வொரு கைக்கும் முப்பது கிலோ. தோளிலிருந்து உள்ளங்கைக்குச் சுமார் 60 செ.மீ. தோளை இழுத்துப் பிடிக்கும் தசைகளுக்குக் கிடைக்கும் நெம்புகோல் சில சென்டிமீட்டர்தான். ஐந்து என்று வைத்துக்கொண்டால், ஒரு தோளின் தசைகள் மட்டும் சுமார் 360 கிலோவுக்கு நிகராக இழுத்தாக வேண்டும். தசை சீக்கிரம் வளர்ந்துவிடும். அதை எலும்போடு கட்டும் தசைநாண் மெதுவாகத்தான் கெட்டிப்படும். அதனால்தான் அவசரப்படுகிறவர்களுக்கு முழங்கையில் வலி வருகிறது.

எதிர்த்திசையில் போனவர் யாருமே இல்லையா? ஆல்பர்ட் அசார்யான் இருக்கிறார். சோவியத் ஆர்மீனியர். சிறுவயதிலேயே கொல்லுப்பட்டறையில் சம்மட்டி பிடித்தவர். 1956 மெல்பர்ன், 1960 ரோம் என்று அடுத்தடுத்த இரண்டு ஒலிம்பிக்கில் வளையத்தில் தங்கம் வாங்கினார். சம்மட்டி அடித்த தோள்தான் கிராஸில் நின்றது என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. பிடிமானமும் தோளும் அங்கிருந்து வந்திருக்கலாம். அவை பொதுவான கூறுகள்தான். ஆனால் சம்மட்டி அடித்த எல்லோரும் அசார்யான் ஆகவில்லை. பட்டறை அவரை வளையத்தின் வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டிருக்கும். உள்ளே நடந்த வருடங்கள் வளையத்திலேயே கழிந்தவை.

*

வளையம் எங்கே உதவாது என்பதற்கும் ஒலிம்பிக்கிலேயே சாட்சி இருக்கிறது. 1976 மான்ட்ரியல். ஜப்பான் அணியின் ஷுன் ஃபுஜிமோட்டோவுக்குத் தரைப் பயிற்சியின்போது முழங்கால் உடைந்தது. அணிக்குப் புள்ளி வேண்டும் என்பதால் மறைத்துவிட்டார். அடுத்து பொம்மல் குதிரை, அதன் பிறகு வளையம். வளையத்தில் கால் வெறும் சுமைதான். நேராக நீட்டி வைத்திருந்தால் போதும். தோளும் கையும் தங்கள் வேலையைச் செய்தன. கடைசியில் உயரத்தில் தொங்கும் வளையத்தை விட்டுச் சுழன்று இறங்க வேண்டும். இறங்கினார், நின்றார். 9.7 புள்ளி. அந்த இறக்கத்தில் காயம் இன்னும் மோசமாகி, மேற்கொண்டு போட்டியிட முடியாமல் போனது. ஜப்பான் 0.40 புள்ளி வித்தியாசத்தில் அணித் தங்கம் வென்றது.

இதைத் தியாகக் கதையாகத்தான் எப்போதும் சொல்வார்கள். எனக்கு அந்தக் கடைசி விநாடிதான் உறுத்துகிறது. உலகத்தரமான தோள்கள் இரண்டு இருந்தும், கைவிட்ட கணத்தில் அவற்றால் முழங்காலுக்கு எதுவும் செய்ய முடியவில்லை.

*

போன வருடம் அம்மா கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். ஆறு வாரம் மாவுக்கட்டு. பிசியோதெரபிஸ்ட் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, இடது கையால் தினமும் அழுத்தச் சொன்னார். அம்மா என்னைப் பார்த்தாள். "உடைஞ்சது இந்தக் கை. அந்தக் கையால பண்ணா இதுக்கு எப்படிடா போகும்?"

மூன்று வருடமாக நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியை ஒரே வரியில் கேட்டுவிட்டாள். தேடினேன். தார்ன்டைக்குக்கும் முன்னால், 1894இல், யேல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஸ்க்ரிப்சரின் ஆய்வகம் இதைக் கண்டிருக்கிறது. ஒரு கைக்கு மட்டும் அழுத்திப் பிடிக்கும் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியே செய்யாத மறு கையின் பலமும் கூடியிருந்தது. பின்னால் பல ஆய்வுகள் இதை உறுதி செய்திருக்கின்றன. மறு கைக்குக் கிடைப்பது ஒரு பங்குதான், ஆனால் கிடைக்கிறது. காரணம், பலம் தசையில் மட்டும் இல்லை. எந்தத் தசையை, எப்போது, எவ்வளவு முடுக்குவது என்ற நரம்பு மண்டலத்தின் பழக்கமும் பலம்தான். அந்தப் பழக்கம் ஒரு கைக்கு மட்டும் சொந்தமில்லை.

அப்போதுதான் என் எட்டு விநாடி நடுக்கம் புரிந்தது. தசை இருந்தது, நூறு கிலோவுக்கு இருந்தது. அதற்கு இந்தச் சூழலில் எப்படி ஆணையிடுவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

ஒரு வருடம் பாரைத் தொடாமல் வளையத்தில் மட்டும் பயிற்சி செய்தேன். இப்போது நாற்பத்தைந்து விநாடி நடுங்காமல் நிற்கிறேன், எட்டு டிப்ஸ் வருகிறது. மறுபடி பென்ச் பிரஸ்ஸுக்குப் போனபோது முதல் நாள் 95, மூன்றாவது வாரம் 102.5. வலது தோளில் பல வருடமாக இருந்த குத்தல் இல்லை. பஸ்கி மட்டும் இருபது கிலோ குறைந்திருந்தது. கால் ஒரு வருடம் சும்மா தொங்கிக்கொண்டுதானே இருந்தது.

மாவுக்கட்டைப் பிரித்த அன்று அம்மாவின் வலது கை சூம்பி, வெளுத்துப்போய் இருந்தது. இரண்டு வாரத்தில் குழம்புச் சட்டியை இறக்கிவிட்டாள். பந்தால்தானா, அவள் பிடிவாதத்தாலா, தானாகவே சேர்ந்ததா? ஒரே ஒருவரை வைத்து எதையும் சொல்ல முடியாது என்பதை ஸ்க்ரிப்சரும் ஒத்துக்கொள்வார்.

"அது சரி, நீ தினமும் போய்த் தொங்குறியே, அது எதுக்கு உதவும்?" என்று கேட்டாள்.

"தொங்குறதுக்கும்மா" என்றேன். "அப்புறம் அதுமாதிரி இருக்கற சிலதுக்கு."