இண்டியானாபொலிஸ் தந்த ஐந்து புள்ளிகள்

அரியலூர் சிமென்ட் லாரிகள் ஓயாமல் ஓடும் வட்டாரத்தில், பெரம்பலூரை அடுத்த நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். டயர் தொழிற்சாலை இருக்கிறது. பந்தயத்தில் வென்றது ஓட்டுநரா, டயரா என்று கேட்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. இந்திய ஓட்டுநர் நரேன் கார்த்திகேயனின் பெயருக்கு நேரே ஃபார்முலா ஒன் கணக்கில் உள்ள ஐந்து புள்ளிகளும் டயரால் வந்தவை. 2005 ஜூன் 19, அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ். சாய்வான பதின்மூன்றாம் வளைவின் அழுத்தத்தை மிஷலின் டயர்கள் தாங்கா என்று தெரிந்ததும், அவற்றைப் பூட்டியிருந்த 14 கார்களும் முன்னோட்டச் சுற்றோடு ஒதுங்கிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் பூட்டிய ஆறு மட்டுமே ஓடின. ஜோர்டான் அணியின் நரேன் நான்காவது வந்தார். அதே அணியின் டியாகோ மான்டீரோ அவருக்கும் முன்னால், மூன்றாவது.

இந்த ஐந்தைக் காட்டி அவரைப் புகழ்பவர்களும் உண்டு, இளக்காரம் செய்பவர்களும் உண்டு. இரு தரப்புமே தவறான ஏட்டைப் புரட்டுகிறது என்பேன். ஓட்டுநரின் கைத்திறனை அளக்க, வண்டிகள் ஏறத்தாழ நிகராக இருந்த பந்தயங்களைத்தான் பார்க்க வேண்டும். அங்கே இந்தக் கோவைக்காரரின் கணக்கே வேறு. 1994இல் பிரிட்டிஷ் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரில் பட்டம்; ஐரோப்பாவில் இந்தியர் ஒருவர் வென்ற முதல் பட்டம் அது. 1996இல் ஃபார்முலா ஆசியா. எல்லா நாட்டு அணிக்கும் ஒரே லோலா காரைக் கொடுத்த ஏ1 கிராண்ட் ப்ரீயில், 2007 டிசம்பரில் சீனாவின் ஜுஹாயில் இந்தியாவுக்கு முதல் வெற்றி. மறு ஆண்டு பிராண்ட்ஸ் ஹாட்ச்சில் இன்னொன்று. 2019 நவம்பரில், 42 வயதில், ஜப்பானின் ஃபுஜியில் சூப்பர் ஜிடி கார்களும் ஜெர்மானிய டிடிஎம் கார்களும் மோதியபோதும் முதலில் வந்தவர் நரேன். அன்று எல்லாருக்கும் ஒரே ஹான்கூக் டயர்.

மேதை என்றால் சொத்தை வண்டியிலும் தெரிவானே, 1984 மொனாக்கோவில் டோல்மன் காரை வைத்துக்கொண்டு அயர்டன் சென்னா இரண்டாவது வரவில்லையா என்பார்கள். வந்தார், கொட்டிய மழை எஞ்சின் வித்தியாசத்தைக் குறைத்த நாள் அது. நரேனைச் சென்னாவோடு ஒப்பிடவே முடியாது, ஒப்பிடவும் இல்லை. ஆனால் மறு ஆண்டே சென்னாவுக்கு லோட்டஸில் இடம் கிடைத்தது. 1972இலேயே எமர்சன் ஃபிட்டிபால்டி உலகப் பட்டம் வென்றிருந்ததால், பிரேசில்காரன் என்றால் அணி முதலாளிகள் நிமிர்ந்து பார்த்தார்கள். சோழவரத்தின் பழைய விமான ஓடுபாதையில் பந்தயம் வளர்த்த நாட்டிலிருந்து போனவரை அப்படிப் பார்க்க யாருக்கும் காரணம் இருக்கவில்லை. விளம்பரப் பணத்தால் இடம் பிடித்தவர் என்ற குறையும் சொல்வார்கள். உண்மைதான். நிக்கி லாவ்டாவும் வங்கிக் கடன் வாங்கித்தான் உள்ளே நுழைந்தார். பின்னாளில் அவருக்கு ஃபெராரி கிடைத்தது. நரேனுக்குக் கிடைத்தது எச்.ஆர்.டி. 2012 சீசனோடு அந்த அணியே மூடப்பட்டது.