வெசூவியஸில் விஞ்ச் ரயில் ஓடிய காலம்

தெற்கு இத்தாலியின் நேப்பிள்ஸ் வளைகுடாவுக்கு வெளியூர்க்காரர்களை இழுத்தது கடல் மட்டும் அல்ல, நெருப்பும்தான். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை புதைத்த ஹெர்குலேனியம் நகரை 1738இலும் பொம்பெய் நகரை 1748இலும் தோண்டத் தொடங்கினார்கள். அதன்பின் ஐரோப்பியச் செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகளின் கல்விப் பயணத்தில் நேப்பிள்ஸ் தவறாமல் இடம்பெற்றது.

நகருக்கு மேற்கே அக்னானோ ஏரிக்கரையில் இருந்த ‘நாய்க் குகை’தான் அந்தக் காலத்தின் கொடூரமான வேடிக்கை. நிலத்தடியிலிருந்து கசியும் கரியமில வாயு காற்றைவிடக் கனமானது. குகைத் தரையோடு படிந்து கிடக்கும். நிற்கும் மனிதருக்கு ஒன்றும் ஆகாது. வழிகாட்டி கூட்டிவரும் நாய் மட்டும் மூச்சுத் திணறிச் சுருண்டு விழும். உடனே அதை வெளியே இழுத்து ஏரி நீரில் முக்கி எழுப்புவார்கள். அடுத்த கூட்டம் வந்தால் திரும்பவும் அதே கதை. காசு கொடுத்து இதைப் பார்த்தவர்களில் படித்த பெருமக்களும் உண்டு. 1870இல் ஏரியை வற்ற வைத்துவிட்டார்கள்.

வெசூவியஸ் ஏறுவது சுலபமல்ல. சாம்பலில் கால் புதையும். வழிகாட்டிகள் இடுப்பில் தோல் வார் கட்டிக்கொள்ள, பயணிகள் அதைப் பிடித்தபடி ஏறினார்கள். 1787இல் வந்த ஜெர்மானியக் கவிஞர் கெதேவும் இப்படித்தான் ஏறினார். முடியாதவர்களை நாற்காலியில் வைத்துத் தூக்கிச் சென்றார்கள். 1839இல் நேப்பிள்ஸிலிருந்து போர்ட்டிச்சி வரை ஓடிய இத்தாலியின் முதல் ரயில் பயணிகளை மலையடிவாரத்துக்கு அருகில் கொண்டுவந்தது.

1880இல் மலைச்சரிவில் கம்பியால் இழுக்கப்படும் விஞ்ச் ரயில் வந்தது. அதற்காக எழுதப்பட்ட ‘ஃபுனிகுலி ஃபுனிகுலா’ பாட்டு உலகமெங்கும் பரவியது; ரயில் நடத்திய நிறுவனமோ நொடித்துப்போனது. பிறகு அதை வாங்கியவர்கள் லண்டனின் தாமஸ் குக் நிறுவனத்தார். பயணிக்கு இவ்வளவு என்று தங்களுக்குப் பங்கு வேண்டும் என உள்ளூர் வழிகாட்டிகள் கேட்டுத் தகராறு செய்தார்கள். நிலையத்துக்குத் தீயும் வைத்தார்கள். தலைமுறைகளாகத் தோல் வாரை நம்பிப் பிழைத்தவர்களுக்கு வயிற்றுப்பாடு போயிற்றே! 1906இல் எரிமலை வெடித்து ரயிலை நாசமாக்கியது. மீண்டும் கட்டியதையும் 1944 வெடிப்பு அழித்தது. அதோடு விஞ்ச் ரயிலின் கதை முடிந்தது.

1953இல் வந்த தொங்கு நாற்காலி ஊர்தியும் 1984இல் நின்றுபோனது. இப்போது சுமார் 1,000 மீட்டர் உயரம் வரை பேருந்து போகிறது. மிச்சத்தை நடந்துதான் ஏற வேண்டும். நேப்பிள்ஸை அடுத்த பொஸ்ஸுவோலியில் கந்தக ஆவி கக்கும் சோல்ஃபத்தாரா பள்ளமும் நெடுங்காலம் பயணிகளை ஈர்த்துவந்தது. 2017இல் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவர் அங்கே குழியில் விழுந்து இறந்த பிறகு அது மூடப்பட்டது.