பெண்ணுறுப்புப் பூஞ்சைத் தொற்று: வீட்டுச் சோதனைக் கருவி எதைக் காட்டும், எதைக் காட்டாது?

பெண்களில் ஏறத்தாழ நான்கில் மூவருக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் ஏற்படக்கூடியது பெண்ணுறுப்புப் பூஞ்சைத் தொற்று. 'கேண்டிடா அல்பிகன்ஸ்' என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சையே பெரும்பாலும் இதற்குக் காரணம். கடுமையான அரிப்பு, சிவந்த வீக்கம், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், தயிர்த் திரள் போன்ற கெட்டியான வெண்கசிவு ஆகியவை இதன் முக்கிய அறிகுறிகள். கசிவில் துர்நாற்றம் பொதுவாக இருக்காது.

இதை வீட்டிலேயே கண்டறியலாம் என்ற எண்ணத்தில் இணைய விற்பனைத் தளங்களில் சோதனைக் கருவிகளை வாங்குவோர் உள்ளனர். ஆனால், இக்கருவிகளில் பெரும்பாலானவை பூஞ்சையைத் தேடுவதே இல்லை.

கருவி அளப்பது என்ன?

பெண்ணுறுப்பில் இயல்பாக வாழும் 'லாக்டோபேசிலஸ்' பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தைச் சுரக்கின்றன. அதனால் அங்கு அமிலத்தன்மையைக் குறிக்கும் பிஎச் அளவு 3.8 முதல் 4.5 வரை இருக்கும். வீட்டுச் சோதனைக் கருவி இந்த அளவை மட்டுமே காட்டுகிறது. கசிவில் நனைத்த தாளின் நிறத்தை, உடன் தரப்படும் வண்ண அட்டையுடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

குழப்பம் தொடங்குவது இங்குதான். பூஞ்சைத் தொற்று ஏற்பட்டாலும் பிஎச் அளவு பெரும்பாலும் மாறுவதில்லை. எனவே தாள் 'இயல்பு' என்று காட்டினால் தொற்று இல்லை எனப் பொருள் கொள்ள முடியாது. அரிப்பும் கெட்டியான வெண்கசிவும் இருந்து, பிஎச் 4.5-க்குள் இருந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். அளவு 4.5-ஐத் தாண்டினால், பாக்டீரியாக்களின் சமநிலை குலைவதால் வரும் 'பாக்டீரியல் வஜைனோசிஸ்' அல்லது பாலுறவு வழியாகப் பரவும் 'டிரைகோமோனியாசிஸ்' இருக்கலாம். பூஞ்சைக்கான மருந்து இவ்விரண்டையும் குணப்படுத்தாது.

மாதவிடாய் உதிரம், விந்து, சற்று முன் உட்புறத்தைக் கழுவியது ஆகியவையும் பிஎச் அளவை மாற்றும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அது இயல்பாகவே உயர்ந்திருக்கும். பிஎச் மாற்றத்தைக் கொண்டு ஒரு தொற்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய இயலாது என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமும் தெளிவுபடுத்தியுள்ளது.

காலையில் எழுந்ததும் ஒரு தம்ளர் நீரில் உமிழ்ந்து, அதில் இழைகள் இறங்கினால் கேண்டிடா இருப்பதாகக் கூறும் 'உமிழ்நீர்ச் சோதனை' சமூக ஊடகங்களில் பரவி வருகிறது. அதற்கு அறிவியல் அடிப்படை ஏதும் இல்லை.

அனுபவமும் பிழையாகலாம்

முன்பு ஒருமுறை வந்தவர்கள் அறிகுறிகளைக் கொண்டே இந்நோயை அறிந்துகொள்வர் என்பது பரவலான நம்பிக்கை. தமக்குப் பூஞ்சைத் தொற்று எனத் தாமே முடிவு செய்து கடையில் மருந்து வாங்கிய 95 பெண்களை அமெரிக்க ஆய்வாளர்கள் பரிசோதித்து, 2002-இல் முடிவுகளை வெளியிட்டனர். பூஞ்சைத் தொற்று மட்டுமே இருந்தவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே. மற்றவர்களுக்கு வேறு தொற்றோ, கலப்புத் தொற்றோ இருந்தது. சிலருக்குத் தொற்றே இல்லை.

இந்தியாவில் 'வெள்ளைப்படுதல்' என்ற ஒரே சொல் இயல்பான கசிவு முதல் பால்வினை நோய் வரை அனைத்தையும் குறிப்பதால் இச்சிக்கல் இன்னும் கூடுகிறது. ஆய்வக வசதி இல்லாத இடங்களில் அறிகுறியை மட்டும் கொண்டு சிகிச்சை அளிக்க, தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு வண்ணக் குறியிட்ட மருந்துத் தொகுப்புகளை வகுத்துள்ளது. பெண்ணுறுப்பு அழற்சிக்கான பச்சை நிறத் தொகுப்பில் பூஞ்சைக்கான புளூகோனசோல் 150 மில்லிகிராம் மாத்திரையுடன், மற்ற இரு தொற்றுகளுக்கான செக்னிடசோல் மாத்திரையும் உள்ளது. அறிகுறிகளைக் கொண்டு மட்டும் மூன்றையும் பிரித்தறிவது கடினம் என்பதை இந்த ஏற்பாடே உணர்த்துகிறது. நுண்ணோக்கிப் பரிசோதனை அல்லது கல்ச்சர் எனப்படும் வளர்ப்புச் சோதனையே உறுதியான விடை தரும். ஆனால் 10 முதல் 20 சதவீதப் பெண்களிடம் எந்தத் தொல்லையும் தராமல் கேண்டிடா இருப்பதுண்டு. அறிகுறி இல்லாதபோது அதற்குச் சிகிச்சை தேவையில்லை.

சிகிச்சை

சாதாரணத் தொற்றுக்குப் பெண்ணுறுப்பினுள் வைக்கும் குளோட்ரிமசோல் மாத்திரை அல்லது ஒரே வேளை உட்கொள்ளும் புளூகோனசோல் 150 மில்லிகிராம் போதுமானது. சில நாள்களில் அரிப்பு தணியத் தொடங்கும். உட்செலுத்தும் குளோட்ரிமசோல் ஆணுறையைப் பலவீனப்படுத்தக்கூடும் என்பது பலரும் கவனிக்காத செய்தி. கர்ப்பிணிகள் புளூகோனசோல் மாத்திரையைத் தாமாக உட்கொள்ளக் கூடாது; அவர்களுக்கு ஏழு நாள் உள்வைப்பு மருந்தே பரிந்துரைக்கப்படுகிறது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுத்துக்கொள்வோரும் மருத்துவரைக் கேட்காமல் புளூகோனசோல் உட்கொள்வது ஆபத்தானது.

மருந்துக் கடைகளில் கேட்டவுடன் கிடைக்கும், ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்த களிம்புகளைத் தவிர்ப்பது நல்லது. ஸ்டீராய்டு முதலில் அரிப்பை அடக்கும். பின்னர் தோலை மெலியச் செய்வதுடன் பூஞ்சை பரவவும் இடமளிக்கும். 2018-இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச்சீட்டின் பேரில் மட்டுமே விற்க வேண்டிய பட்டியலில் சேர்த்த பின்னும் இப்பழக்கம் ஓயவில்லை.

பூண்டு, வினிகர், கிருமிநாசினி கலந்த நீர் ஆகியவற்றை உட்செலுத்துவது புண்ணையும் எரிச்சலையுமே தரும். தயிருக்கும் உறுதியான சான்று இல்லை. வெளிப்புறத்தை வெறும் நீரால் கழுவுவதும், ஈரமான உள்ளாடையை உடனே மாற்றுவதும், பருத்தி உள்ளாடை அணிவதும் போதும். வாசனைச் சோப்புகளும் திரவங்களும் தேவையற்றவை.

அடிக்கடி வந்தால்

திரும்பத் திரும்ப வரும் தொற்று நீரிழிவின் முதல் அடையாளமாக இருக்கலாம். 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு உள்ளது. சிகிச்சையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுவதால், பிறப்புறுப்பில் பூஞ்சை வளர ஏதுவாகிறது. டபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2020-இல் முடிந்து விலை குறைந்த பின் இதன் பயன்பாடு பெருகியுள்ளது. ஆண்களுக்கும் இத்தொல்லை வரலாம். மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். ஆன்டிபயாடிக் மருந்துகளும் நல்ல பாக்டீரியாக்களை அழித்துத் தொற்றுக்கு வழிவகுக்கும்.

முதன்முறை அறிகுறி தோன்றுவோர், கர்ப்பிணிகள், துர்நாற்றம், அடிவயிற்று வலி, காய்ச்சல், புண் அல்லது ரத்தக் கசிவு உள்ளோர் வீட்டுச் சோதனையை நம்பியிராமல் மருத்துவரை அணுக வேண்டும். மருந்து எடுத்து இரு வாரங்களில் குணமாகாவிடினும் அவ்வாறே. அரசு மருத்துவமனைகளின் பால்வினை நோய்ச் சிகிச்சை மையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

ஓராண்டில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை வந்தால் அது தொடர் தொற்றாகக் கருதப்படுகிறது. இத்தகையோருக்கு 72 மணி நேர இடைவெளியில் மூன்று புளூகோனசோல் மாத்திரைகளும், பின்னர் ஆறு மாதங்களுக்கு வாரம் ஒன்றும் மருத்துவக் கண்காணிப்பில் தரப்படுகின்றன. அதற்கு முன் வளர்ப்புச் சோதனை செய்வது அவசியம். 'கேண்டிடா கிளாப்ராட்டா' போன்ற இனங்களுக்குப் புளூகோனசோல் பல நேரங்களில் பலன் தருவதில்லை.