எஃப்யூஈயா, டிஎச்ஐயா? முடி நடவின் 80 வருடக் கதை

இந்த எபிசோடு ஒரு வாய்ஸ் நோட்டில் இருந்து தொடங்குது. நம்ம நேயர் ஒருத்தர் அனுப்பினது. வயசு 26, ஐடி வேலை, வீட்டில் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் கேட்டது இதுதான்: "அண்ணா, ஒரு கிளினிக்ல எஃப்யூஈ பண்ணுங்கன்றாங்க. இன்னொரு இடத்துல டிஎச்ஐதான் லேட்டஸ்ட்னு சொல்றாங்க. மூணாவது இடத்துல சஃபையராம். ஞாயித்துக்கிழமைக்குள்ள புக் பண்ணா டிஸ்கவுண்ட் வேற. எதைண்ணா எடுக்கறது?"

நான் டாக்டர் இல்லைங்க. இது வரலாற்று பாட்காஸ்ட். ஆனா இந்தக் கேள்விக்கு வரலாற்றிடம் ஒரு பதில் இருக்கு. அதைத் தெரிஞ்சுக்க 1939-ஆம் வருட ஜப்பானுக்குப் போகணும்.

போரில் புதைந்த கட்டுரைகள்

ஷோஜி ஒகுடா ஒரு ஜப்பானியத் தோல் மருத்துவர். அவரிடம் வந்தவர்கள் வழுக்கைக்காக வந்தவர்கள் இல்லை. தீக்காயத்தால் தலையிலும் புருவத்திலும் முடி இழந்தவர்கள். ஒகுடா 2 முதல் 4 மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டமான சின்னக் குழாய்க் கத்தியை எடுத்தார். முடி உள்ள இடத்தில் இருந்து தோலை அப்படியே வட்டமாக வெட்டி எடுத்து, தழும்பு உள்ள இடத்தில் அதே மாதிரி ஓட்டை போட்டு நட்டார். முடி வளர்ந்தது. சுமார் 200 பேருக்குச் செய்ததை 1939-ல் ஜப்பானிய மருத்துவ இதழில் எழுதினார்.

1943-ல் இன்னொரு ஜப்பானியர், ஹஜிமே டமுரா, ஒற்றை முடி அளவுக்கு மிகச் சின்னத் துண்டுகளாக நட்டுக் காட்டினார். சின்னதாக நட்டால்தான் இயற்கையாகத் தெரியும் என்பது அப்போதே ஒருவருக்குப் புரிந்துவிட்டது. ஆனா அது இரண்டாம் உலகப் போர்க் காலம். ஜப்பானிய மொழியில் வந்த அந்தக் கட்டுரைகள் மேற்கு நாடுகளின் கண்ணில் படவே இல்லை. டமுரா நின்ற இடத்துக்கு வந்து சேர மற்றவர்களுக்கு இன்னும் 50 வருடம் ஆனது. இடைப்பட்ட காலத்தில் எத்தனை தலைகள் சோதனைக்களம் ஆச்சுன்னு இனி பார்க்கப் போறோம்.

நியூயார்க்கில் ஒரு இடமாற்றம்

வழுக்கை ஏன் விழுது? தாத்தா காலத்தில் தொப்பி போட்டதால், உப்புத் தண்ணியால், அதிகமாக யோசிப்பதால் என்று பல பதில் இருந்தது. 1942-ல் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் முக்கியமான ஒன்றைக் கவனித்தார். பருவம் வருவதற்கு முன்பே விதைகள் நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழவில்லை. அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது, குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கு முடி கொட்டத் தொடங்கியது. ஆக ஹார்மோனும் பரம்பரையும் கைகோத்துச் செய்ற வேலை இது.

சரி, அப்படின்னா பின்னந்தலையில் மட்டும் ஏன் முடி நிற்குது? நம்ம ஊர்ல எந்தப் பெரியவரைப் பார்த்தாலும் உச்சி பளபளன்னு இருக்கும், காதுக்கு மேலே சுற்றிவர முடி இருக்கும். இதை நியூயார்க் தோல் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் 1950-களில் சோதித்துப் பார்த்தார். பின்னந்தலைத் தோலை வழுக்கையில் நட்டார். வழுக்கைத் தோலை எடுத்து முடி உள்ள இடத்தில் நட்டார். முடி உள்ள தோல் வழுக்கையில் போயும் வளர்ந்தது. வழுக்கைத் தோல் முடிகளுக்கு நடுவே போயும் வழுக்கையாகவே இருந்தது. குணம் மண்ணில் இல்லை, நாற்றில் இருக்கிறது. எங்கிருந்து எடுத்தோமோ அந்த இடத்தின் குணம்தான் ஜெயிக்கும்.

1952-ல் அவர் வழுக்கைக்கான முதல் முடி நடவைச் செய்தார். கட்டுரை 1959-ல் வெளியானது. இன்றைக்கு நடக்கும் ஒவ்வொரு முடி நடவும் இந்த ஒரு கண்டுபிடிப்பின் மேல்தான் நிற்குது.

இங்கே ஒரு நிமிஷம் நிறுத்திக்குவோம். ஓரன்ட்ரைக் புது முடி எதையும் உருவாக்கவில்லை. இருந்த முடியை இடம் மாற்றினார். வயலில் நாற்று தீர்ந்தால் திரும்ப விதைக்கலாம். பின்னந்தலையில் திரும்ப விதைக்க முடியாது. எடுத்தால் எடுத்ததுதான். எபிசோடு முடியறவரைக்கும் இதை மனசுல வச்சுக்கோங்க.

பொம்மைத் தலைகள்

1960-களிலும் 70-களிலும் இந்த சிகிச்சை அமெரிக்காவில் பெரிய வியாபாரம் ஆனது. அப்போது நட்ட ஒவ்வொரு துண்டும் கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர். ஒவ்வொன்றிலும் 15, 20 முடி. நடுவில் வெற்றுத் தோல். பிளாஸ்டிக் பொம்மையின் தலையில் கொத்துக் கொத்தாக முடி நட்டிருப்பார்களே, அதே மாதிரி இருந்தது. 'பொம்மை முடி' என்றே அதைக் கிண்டல் செய்தார்கள்.

அதைவிடப் பெரிய தப்பு, உடனே தெரியாத தப்பு. 25 வயசுப் பையனுக்கு நெற்றிக்குக் கீழே இறக்கி, டீன் ஏஜ் பையனுக்கு இருக்கிற மாதிரி முன்வரிசை போட்டுக் கொடுத்தார்கள். ஆனா வழுக்கை நின்றுவிடவில்லை. நட்ட முடி நின்றது. அதற்குப் பின்னால் இருந்த அவருடைய சொந்த முடி வருடா வருடம் கொட்டியது. 45 வயசில் முன்னால் ஒரு வேலி, பின்னால் வெறும் மைதானம். நிரப்பலாம் என்றால் பின்னந்தலையில் சரக்கு தீர்ந்திருக்கும். மொட்டை அடிக்கலாம் என்றால் தழும்பு தெரியும். பல வருடம் கழித்து, பழைய நடவைச் சரிசெய்வது மட்டுமே தனி வேலையாகச் சில சர்ஜன்களுக்கு இருந்தது.

மைக்ரோஸ்கோப் வந்த நாள்

1980-களில் துண்டுகளைச் சிறிதாக்கத் தொடங்கினார்கள். 1984-ல் ஜான் ஹெடிங்டன் என்ற நோய்க்கூறியல் மருத்துவர் தலைத்தோலைக் குறுக்காக வெட்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டு எழுதினார்: முடி தனித்தனியாக முளைப்பதில்லை, ஒன்று முதல் நான்கு முடி வரை சேர்ந்த சின்னச் சின்னக் குடும்பங்களாக முளைக்குது. இன்று கிளினிக்கில் 'கிராஃப்ட்' என்று எண்ணிக் காசு வாங்குவது இந்தக் குடும்பத்தைத்தான். அதனால 3,000 கிராஃப்ட் என்றால் 3,000 முடி இல்லை, அதைவிட அதிகம்.

1988-ல் டெக்சாஸைச் சேர்ந்த பாபி லிம்மர், பின்னந்தலையில் இருந்து ஒரு நீளமான தோல் பட்டையை எடுத்து, மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்து ஒவ்வொரு குடும்பத்தையும் உடையாமல் பிரிக்கத் தொடங்கினார். 1995-ல் ராபர்ட் பெர்ன்ஸ்டீன், வில்லியம் ராஸ்மன் இருவரும் இதை ஒரு முழு முறையாக எழுதினார்கள். இதுதான் எஃப்யூடி. முதல்முறையாக, பக்கத்தில் நின்று பார்த்தாலும் நட்டது என்று தெரியாத தலை சாத்தியமானது.

விலை? பின்னந்தலையில் காதுக்குக் காது ஒரு கோடு மாதிரித் தழும்பு. முடி வளர்த்தால் மறையும், ஒட்ட வெட்டினால் தெரியும்.

தையல் போனது, கதவு திறந்தது

அந்தக் கோடு வேண்டாம் என்றவர்களுக்காக வந்தது எஃப்யூஈ. சுமார் 1 மில்லிமீட்டர் குழாய்க் கத்தியால் ஒவ்வொரு குடும்பத்தையும் தனித்தனியாகத் தோலில் இருந்தே எடுப்பது. ஆஸ்திரேலியாவில் ரே வுட்ஸ் இதை முன்பே செய்துகொண்டிருந்தார். மருத்துவ இதழில் விரிவாக வந்தது 2002-ல், அதே ராஸ்மன், பெர்ன்ஸ்டீன் குழுவின் கட்டுரையில். யோசிச்சுப் பாருங்க, ஒகுடாவின் வட்டக் கத்திதான் சுற்றி வந்து, நாலில் ஒரு பங்காகச் சுருங்கி, திரும்ப நின்றது.

பட்டை இல்லை, தையல் இல்லை, கோடும் இல்லை. புள்ளிப் புள்ளியாகச் சின்னத் தழும்பு மட்டும். மோட்டார் கருவிகள் வந்தன. 2011-ல் ரோபோவுக்கும் அமெரிக்க அனுமதி கிடைத்தது.

கதை திரும்புவது இங்கேதான். பட்டை எடுத்துத் தையல் போட சர்ஜன் கட்டாயம் வேணும். மோட்டார் பஞ்ச்சைப் பிடிக்க யாரையாவது பழக்கிவிடலாம் என்று நினைக்கத் தொடங்கினார்கள். விளம்பரத்தில் டாக்டர் போட்டோ இருக்கும். அறைக்குள் வெட்டி எடுப்பதும் துளை போடுவதும் வேறு யாரோ. ஒரே நாளில் பல பேருக்கு. இஸ்தான்புல் முதல் நம்ம நகரங்கள் வரை இந்தத் தொழில் பரவியது.

முடி மறுசீரமைப்பு சர்ஜன்களின் சர்வதேசச் சங்கம் 2018-ல் ஒரு சொல்லையே மாற்றியது. எஃப்யூஈ-யில் உள்ள கடைசி 'ஈ' அதுவரை 'பிடுங்கி எடுத்தல்' என்ற பொருளில் இருந்தது. இனி அது 'வெட்டி எடுத்தல்' என்றார்கள். ஏன்? இது பூப்பறிக்கிற வேலை இல்லை, ஆயிரக்கணக்கான முறை தோலை வெட்டும் அறுவை சிகிச்சை என்று எல்லாருக்கும் புரியணும் என்பதற்காக. அடுத்த வருடமே, உரிமம் இல்லாதவர்கள் செய்யும் முடி நடவுக்கு எதிராகப் பிரசாரமும் தொடங்கினார்கள்.

2016-ல் சென்னையில் முடி நடவு செய்துகொண்ட ஒரு இளைஞர் உயிரிழந்த செய்தி பலருக்கு நினைவிருக்கும். 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் இதற்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. முறையான அறுவை சிகிச்சைப் பயிற்சி உள்ள பதிவுபெற்ற டாக்டர்தான் இதைச் செய்ய வேண்டும். ஒரு பட்டறையில் உட்கார்ந்து பார்த்ததோ யூடியூபில் பார்த்ததோ பயிற்சி ஆகாது என்று அதில் எழுதியிருக்கிறார்கள். யூடியூபைப் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டிய நிலைமை வந்துச்சுன்னா பாத்துக்கோங்க.

அப்போ எதை எடுக்கறது?

இப்போ தம்பியோட கேள்விக்கு வருவோம். நடவில் இரண்டு பாதி இருக்கு: எடுப்பது, நடுவது. எஃப்யூடி, எஃப்யூஈ இரண்டும் எடுக்கும் முறைகள். டிஎச்ஐ என்பது நடும் முறை. அதிலும் முடியை எஃப்யூஈ மாதிரிதான் எடுப்பார்கள். நடும்போது பேனா மாதிரி ஒரு கருவி. அந்தப் பேனாவும் லேட்டஸ்ட் இல்லை, கொரியாவில் 1992-லேயே கட்டுரையாக வந்தது. சஃபையர் என்பது துளை போடும் பிளேடு எதனால் ஆனது என்பது மட்டும். ஆக மூணு கிளினிக்கும் மூணு சிகிச்சை சொல்லவில்லை. ஒரே சிகிச்சையின் வேறு வேறு பாகத்துக்குப் பேர் வச்சு விற்கிறார்கள்.

ஒட்ட முடி வெட்டுகிற ஆளுக்கு எஃப்யூஈ பொருந்தும். நிறைய கிராஃப்ட் தேவைப்படுகிற, முடி கொஞ்சம் வளர்த்துக்கொள்கிற ஆளுக்கு எஃப்யூடி இன்னமும் நல்ல வழிதான். சில சர்ஜன்கள் வருடங்கள் இடைவெளி விட்டு இரண்டையும் கலந்து செய்கிறார்கள். இதைத் தலையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும், வாட்ஸ்அப் போட்டோவைப் பார்த்து இல்லை.

முறையின் பெயரைவிட, இந்த 80 வருடம் கேட்கச் சொல்கிற கேள்விகள் வேற.

முதல் கேள்வி: பஞ்ச் யார் கையில்? நடும் துளையை யார் போடுவார்? முடி எந்தக் கோணத்தில், எந்தப் பக்கம் சாய்ந்து வளரும் என்பதை அந்தத் துளைதான் தீர்மானிக்குது. கிராஃப்டைப் பிரிக்க, பொருத்த உதவியாளர்கள் இருப்பது சகஜம். வெட்டுவது டாக்டராக இருக்கணும். "டாக்டர் மேற்பார்வையில்" என்ற பதில் வந்தால் அது பதில் இல்லை.

இரண்டாவது: என் பின்னந்தலையில் ஆயுளுக்கு எவ்வளவு இருக்கு, இப்போ எவ்வளவு எடுப்பீங்க, 50 வயசுக்கு என்ன மிச்சம்? பொம்மைத் தலைக் காலத்தில் யாரும் கேட்காத கேள்வி இது. ஒரே நாளில் அளவுக்கு மீறி எடுத்தால் பின்னந்தலை பூச்சி அரித்த துணி மாதிரி ஆகிவிடும்.

மூணாவது: எனக்கு இப்போ இது தேவையா? 1988-ல் மினாக்ஸிடிலுக்கும் 1997-ல் ஃபினஸ்டிரைடுக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கொட்டுவதை மெதுவாக்க மருந்து இருக்கு. பக்க விளைவுகளும் உண்டு, தோல் மருத்துவரிடம் கேட்டுத்தான் எடுக்கணும். 'முதல்ல மருந்து, ஒரு வருஷம் பொறு' என்று உங்களைத் திருப்பி அனுப்புகிற டாக்டர் ஒரு ஆபரேஷன் வருமானத்தை விட்டுக்கொடுக்கிறார். அவரைக் குறித்து வச்சுக்கோங்க.

நாலாவது: ஒரு நாளைக்கு எத்தனை பேர்? மரத்துப்போகும் ஊசியால் ஏதாவது ஆனால் என்ன ஏற்பாடு?

அஞ்சாவது: 12 மாதம் கழித்து எடுத்த படங்கள். நட்ட முடி முதல் சில வாரங்களில் கொட்டும், மூணு நாலு மாசத்தில் திரும்ப முளைக்கும், முழு விளைவு தெரிய ஒரு வருடம் ஆகும். முடியை ஈரமாக்கி எடுத்த படம், பின்னந்தலைப் படம் இரண்டையும் கேளுங்க.

தம்பி, உனக்கு ஒண்ணு. பெண் பார்க்கிற தேதிக்காக அவசரப்படுறன்னு புரியுது. ஆனா இன்னிக்கு நட்டாலும் அது முகூர்த்தத்துக்கு வந்து சேராது. முதல் சில மாசம் இப்போ இருக்கிறதைவிட மோசமாகக்கூடத் தெரியலாம். ஞாயித்துக்கிழமை டிஸ்கவுண்ட் போகட்டும். அந்தப் பணத்தில் ஒரு பகுதியை வச்சு இரண்டு டாக்டர்களிடம், விற்பனை ஆளிடம் இல்லை, நேரில் போய் உட்கார்ந்து இந்த அஞ்சு கேள்வியையும் கேளு. அவங்க என்ன சொன்னாங்கன்னு எனக்கு ஒரு வாய்ஸ் நோட் போடு.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.