முதற்பதிவிலேயே இருவருக்கும் பரிசோதனை: மகப்பேற்றுக் கவனிப்பில் எச்.ஐ.வி. களங்கத்தைக் குறைக்கும் வழி

சிகிச்சை இல்லாவிட்டால் தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி. பரவும் வாய்ப்பு 15 முதல் 45 விழுக்காடு. முறையான கூட்டு மருந்துச் சிகிச்சை அதை 5 விழுக்காட்டுக்கும் கீழே இறக்கிவிடுகிறது. மருந்து இலவசம். அதைத் தொடர்ந்து வாங்க வரவிடாமல் தடுப்பது ஊர்ப்பேச்சு பற்றிய அச்சம். அந்த அச்சத்தில் ஒரு பங்கை நம் பரிசோதனை வரிசையே உண்டாக்குகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டம் சாத்தூர் அரசு மருத்துவமனையில் கர்ப்பிணி ஒருவருக்குத் தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது வெளிவந்தது. 2019 ஜனவரியில் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் அவருக்குப் பிறந்த குழந்தைக்குத் தொற்றில்லை என்பது பின்னர் உறுதியானது. தமிழகமே அந்தத் தாய்க்காக இரங்கியது. தமக்குத் தொற்றிருப்பதை அறிந்ததும் தாமே முன்வந்து தகவல் சொன்ன, ரத்தம் கொடுத்த இளைஞரோ அந்த டிசம்பரிலேயே தம்மை மாய்த்துக்கொண்டார். கிருமி ஒன்றுதான். 'யாரால் வந்தது' என்ற கேள்விக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே சமூகம் இரக்கத்தையும் பழியையும் பங்கிடுகிறது.

அண்டை மாவட்டமான தென்காசியின் வாசுதேவநல்லூர் போன்ற சிற்றூரில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. கர்ப்பத்தைப் பதிந்ததும் ரத்தசோகை, சர்க்கரை, எச்.ஐ.வி. எல்லாவற்றுக்கும் சேர்த்தே ரத்தம் எடுக்கிறார்கள். அதுவரை எல்லாப் பெண்களும் ஒன்று. முடிவு வந்தபின், "அடுத்த தடவை வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாம்மா" என்று ஒருத்தியிடம் மட்டும் சொன்னால், பெஞ்சில் காத்திருக்கும் மற்றவர்களுக்கு அதுவே போதும். கணவருக்குப் பல ஆண்டுகளாகத் தொற்று இருந்திருக்கலாம். ஆனாலும் முதலில் தெரியவந்தது அவளுக்கு என்பதால், மாமியார் வீட்டில் 'இவள் கொண்டுவந்தது' என்றாகிவிடும்.

ஆகவே முதற்பதிவிலேயே எல்லாக் கணவர்களையும் அழைக்க வேண்டும். எல்லாரும் அழைக்கப்படும்போது அழைப்பு யாரையும் காட்டிக்கொடுக்காது. திருப்பூரிலோ கேரளத்திலோ வேலை செய்பவர் அங்குள்ள அரசுப் பரிசோதனை மையத்தில் சோதித்துக்கொள்ளலாம்; வளைகாப்புக்கு ஊர் வரும்போது இங்கு 'நம்பிக்கை மையம்' எனப்படும் அரசுப் பரிசோதனை மையத்துக்கும் வரலாம். வாசுதேவநல்லூர் சிந்தாமணிநாதர் கோயிலில் இறைவன் அர்த்தநாரீசுவரராகவே வீற்றிருக்கிறார். பாதிப் பொறுப்பு அப்பனுடையது என்பதை இவ்வூர் மக்களுக்குக் கிராம சுகாதாரச் செவிலியர் நீட்டி விளக்க வேண்டியதில்லை.

கணவர் முடிவை அறிந்தால் மனைவி அடிபடலாம், கைவிடப்படலாம் என்ற மறுப்பு நியாயமானது. 2018 செப்டம்பர் 10இல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் இதை முன்னுணர்ந்திருக்கிறது. பரிசோதனைக்கு ஒப்புதல் கட்டாயம். வன்முறை நேரும் என்ற நியாயமான அச்சம் இருந்தால் துணைவருக்கு மருத்துவர் தெரிவிக்கக் கூடாது. எனவே சேர்ந்து வந்தாலும் முடிவை ஒவ்வொருவருக்கும் தனியறையில் தனியே சொல்ல வேண்டும். துணைவரிடம் எப்போது பகிர்வது என்பதை ஆலோசகரின் துணையோடு அவரவரே தீர்மானிக்க வேண்டும். கணவர் வர மறுத்தாலும் மனைவிக்கான கவனிப்பில் எள்ளளவும் குறையக் கூடாது.

தாய் வழிப் பரவலை ஒழித்த நாடாக இலங்கை 2019இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது. தமிழகமும் அந்நிலையை எட்ட, பதிவேட்டில் கர்ப்பிணியின் பெயருக்குப் பக்கத்திலேயே கணவரின் பரிசோதனைக்கும் ஒரு கட்டம் வேண்டும்.